கூட்டுக்குள் வெயில்

அத்தியாயம் 17

விடிந்து ஆறு மணிக்கே பூரணத்துக்குப் பொறுமை முடிந்துவிட்டது. மிச்சப் பகலைப் பொறுமையில்லாமல்தான் ஓட்டவேண்டும்.

கூட்டுக் கதவைத் திறந்தபோது இரண்டு குஞ்சுகள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்று தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில், மற்றது மூலையில். குனிந்து தொட்டாள். விறைத்திருந்தன. மற்ற இருபத்தைந்தில் பாதி, கதவு திறந்த சத்தத்துக்கு ஓடி வரவேயில்லை.

"என்ன, செத்துப் போச்சோ?" பின்னாலிருந்து புருசன் கோணாமலையின் குரல்.

"இல்லை, நித்திரை கொள்ளுதுகள்," என்றாள் பூரணம்.

சம்பூரை விட்டு வெளிக்கிட்டுப் பதினாறு மாதம். வாகரை, மட்டக்களப்பு, கிளிவெட்டி என்று கூடாரம் கூடாரமாக அலைந்து, கோணாமலையின் தங்கை இராசமலரின் கப்பல்துறைக் கிராமத்து வீட்டு வளவில் இருவரும் ஒதுங்கி மூன்று மாதமாகிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு நிறுவனம் கொடுத்த முப்பது கோழிக்குஞ்சுகளைப் பூரணம் தன் கையெழுத்தைப் போட்டு வாங்கியதையும், போன கிழமை கீரி மூன்றைத் தூக்கியதையும், அன்று பின்னேரமே கோணாமலை கூட்டின் நாலு பக்கமும் தகரம் வைத்து அறைந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். அந்தத் தகரத்தைப் பற்றிப் பூரணம் சொன்னவற்றை இங்கே திரும்ப எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மலர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து இருவரையும் விலக்கவேண்டியிருந்தது.

அவளுக்கு அந்தக் குஞ்சுகள் சும்மா குஞ்சுகள் அல்ல. இந்தப் பதினாறு மாதத்தில் யாரோ கொடுத்த அரிசி, யாரோ கொடுத்த பாய், யாரோ கொடுத்த சேலை என்றுதான் காலம் போனது. இவை மட்டும்தான் அவள் வளர்த்து அவள் கையால் பெரிதாக்கவேண்டியவை. முட்டையிடத் தொடங்கட்டும், மலர் வீட்டுக் குசினியில் மலரைக் கேட்காமல் ஒரு முட்டையை எடுத்துப் பொரிப்பேன் என்று அவள் மனதுக்குள் நாள் குறித்து வைத்திருந்தாள்.

கோணாமலை கூட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் கடலில் படகு விட்ட மனுசன். மீன்பிடிக்கக் கடற்படையின் பாஸ் கிடைக்காமல் கரையில் நிற்கிறார். படகில் ஆட்களுக்குக் கட்டளை போட்டுப் பழகிய வாய், கரையில் கேட்பாரில்லாமல் கடைசியில் கோழிகளிடம் வந்து சேர்ந்திருந்தது.

"இது ராணிக்கெட் வருத்தம்," என்றார். "சந்தேகமே இல்லை. சம்பூரில பக்கத்து வளவுக்கு வந்தது, மூண்டு நாளில நாப்பது கோழி செத்துது. இதுகளும் தப்பாது. வருத்தம் பரவ முதல் எல்லாத்தையும் கொண்டு, மண்ணுக்குள்ள தாக்கோணும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாத்தாத் தெரியுதுதானே!"

"தகரம் அறையேக்கையும் இப்பிடித்தான் பாத்தாத் தெரியுது எண்டு சொன்னனீங்கள்."

மலர் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள். மஞ்சளையும் உள்ளிப் பூண்டையும் அரைத்து மிளகளவு உருண்டையாக உருட்டி வைத்திருந்தாள். நல்ல மனம் படைத்தவள்; அந்த நல்ல மனத்தை யாராலும் தடுத்து நிறுத்த ஏலாது.

"மச்சாள், வாயைத் திறந்து உள்ளுக்குத் தள்ளினாச் சரி. பிள்ளையாருக்கும் நேந்திருக்கிறன்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு குஞ்சைப் பிடித்து உருண்டையைத் திணித்தாள். அது கண்ணைப் பிதுக்கி, கழுத்தை உதறி, உருண்டையை மலரின் சட்டையிலேயே துப்பியது.

"பாத்தியோ, கழுத்துத் திருகுது! ராணிக்கெட்டேதான்!" என்றார் கோணாமலை.

பூரணம் கண்ணை மூடிப் பத்துவரை எண்ணத் தொடங்கினாள். ஆறோடு நிறுத்திவிட்டாள்.

ஒன்பது மணிக்குக் கச்சான் காற்று தொடங்கியது. காய்ந்த வயலுக்கு மேலாக அனலை அள்ளிக்கொண்டு வரும் காற்று. வேப்பிலை சுருண்டு உதிர்ந்தது. சீனக்குடாப் பக்கம் விமானம் ஒன்று எழும்பிய இரைச்சலில் தகரக் கூடு முழுவதும் நடுங்கியது. பூரணம் தகரத்தில் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கொஞ்சம் குஞ்சுகள் தகரத்தின் இடுக்கோடு நின்று, சொண்டைப் பிளந்து, செட்டையை உடம்பிலிருந்து விலக்கி, தொண்டை துடிக்க மூச்சு வாங்கின. இன்னும் நாலைந்து மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டி, இறகைச் சிலிர்த்துப் பந்தாகி, கண்ணை மூடிக்கொண்டு நின்றன. ஒரே கூடு, ஒரே தீன், ஒரே தண்ணீர். இது ஏன் அப்படி, அது ஏன் இப்படி?

தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள அந்த வளவில் அவள் ஒருத்திதான் இருந்தாள். இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைப் பிடித்து, பன்பைக்குள் பழந்துணி விரித்து வைத்தாள்.

"நான் டவுனுக்குப் போறன். மிருக வைத்தியர் கந்தோரில காட்டிக்கொண்டு வாறன். நீங்கள் முன்பக்கத் தகரத்தைக் கழட்டி விடுங்கோ. அது காணும். வேற ஒண்டும் செய்யாதேங்கோ."

"கழட்டினாக் கீரி வரும்."

"வந்தா விரட்டுங்கோ. இதில காவலுக்கு இருக்கிறதை விட வேற என்ன வேலை கிடக்கு உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்துகொண்டிருந்தது.

பஸ் இரண்டு மைல்தான் போனது. சோதனைச்சாவடிக்கு முன்னால் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, சாரதி இஞ்சினையும் நிறுத்திவிட்டார். இராணுவ வாகனத் தொடர் வருகிறதாம். வரும்வரை வீதி பூட்டு. எப்போது வரும் என்று கேட்கக்கூடாது.

கையில் துவக்கோடு வந்த சிப்பாய் பன்பையைக் காட்டி "மொக்கத?" என்று சிங்களத்தில் என்னவென்று கேட்டான். பூரணம் துணியை விலக்கிக் காட்டினாள். வாயைப் பிளந்த ஒன்றும் கண்ணை மூடிய ஒன்றும். சிப்பாய் இரண்டையும் பார்த்தான், அவளையும் பார்த்தான், தலையை அசைத்து அடுத்த பைக்குப் போனான்.

பத்தரை போய்ப் பதினொன்று ஆனது. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. பெண்கள் சேலைத் தலைப்பாலும் ஆண்கள் அடையாள அட்டையாலும் விசிறிக்கொண்டு நின்றார்கள். வீட்டில் இருக்கும் மனுசன், வீதியில் நிற்கும் ஆமி, வானத்தில் எரியும் சூரியன், மூன்றில் எதைத் திட்டினாலும் பலனில்லை என்று பூரணத்துக்குத் தெரியும். மூன்றையும் மனதுக்குள் திட்டினாள்.

அவளைவிட மோசமான நிலைமையில் ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் குளிர் காக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். சிப்பாயோடு சிங்களத்தில் வாதாடித் தோற்று, மருத மர நிழலுக்குத் திரும்பி வந்து, பெட்டி மூடியை ஒரு விரல் அளவு திறந்து பார்த்து, தலையில் கையை வைத்தார்.

"அரைவாசி ஐஸ் போயிற்று," என்றார் பொதுவாக எல்லாருக்கும். "அஞ்சு ஊர்க் கோழிக்குப் போடக் கந்தளாயில இரிந்து கொண்டு வாற தடுப்பு மருந்து. இன்னும் ஒரு மணித்தியாலம் இதில நிண்டா வெறும் தண்ணி. ஆருக்குச் சொல்ற?"

கோழி என்ற சொல் காதில் விழுந்ததும் பூரணம் வரிசையை விட்டு விலகி நடந்தாள்.

"சேர், நீங்கள் மிருக வைத்தியர் கந்தோரோ?"

"ஓம் தங்கச்சி. அபூதாஹிர். கால்நடை உத்தியோகத்தர். என்ன, பைக்குள்ள?"

அவர் நிலத்தில் குந்தி, பன்பையைத் திறந்து, இரண்டு குஞ்சையும் வெளியே எடுத்து மர நிழலில் விட்டார். வாயைப் பிளந்தது தள்ளாடிப் போய்த் தனியே நின்று செட்டையை விரித்தது. மற்றது விட்ட இடத்திலேயே பந்தாகிக் கண்ணை மூடியது.

"வீட்டுக்காரர் ராணிக்கெட் எண்டு சொல்லுறார்," என்றாள். "எல்லாத்தையும் கொல்லோணுமாம்."

"கழுத்துத் திருகுதோ? கால் இழுக்குதோ? பச்சையாக் கழியுதோ? மூச்சு விடக்குள்ள கறகற எண்டு கேக்குதோ?"

"இல்லை. மச்சாள் உள்ளி உருண்டை தீத்தேக்கை மட்டும் ஒருக்காத் திருகினது."

அபூதாஹிர் சிரிக்கவில்லை. அவருக்கும் பொறுமை தீர்ந்திருந்தது. கண்ணை மூடிய குஞ்சைத் தூக்கி, வாலை உயர்த்திப் பின்பக்கத்தைக் காட்டினார். இறகு ஒட்டிப் பிடித்துச் செம்மண் நிறத்தில் காய்ந்திருந்தது.

"இது இரத்தம். இந்த வயசுக் குஞ்சுக்கு வாற இரத்தக்கழிச்சல். கூட்டில உமி ஈரமாக் கிடக்கோ?"

"தண்ணிச் சட்டியைச் சுத்தி எப்பவும் ஈரம்தான். குஞ்சுகள் தட்டி ஊத்திப்போடுதுகள்."

"அதுதான். அந்த ஈரத்திலதான் இது வளரும். எச்சம் விழும், அதையே கொத்தித் திங்கும், ஒண்டில இரிந்து ஒண்டுக்குப் போகும்." அவர் மற்றக் குஞ்சைக் காட்டினார். "ஆனா இதுக்கு அந்த வருத்தம் இல்லை. ரெண்டையும் நல்லாப் பாருங்க. ஒரே வெயில்தானே? இந்த வெயிலில நீங்க போர்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்தா, பாக்கிறவர் என்ன நினைப்பார்?"

"காய்ச்சல் எண்டு."

"அவ்வளவுதான். இறகைச் சிலிர்த்து, ஒட்டிக்கொண்டு, தூங்கி வழியிறது வருத்தக்காரன். வாயைத் திறந்து, செட்டையை விரிச்சு, மற்றதுகளை விட்டு விலகி நிக்கிறது சூடு தாங்காமல் நிக்குது. கோழிக்கு வேர்க்காது தங்கச்சி. வாயாலதான் சூட்டை வெளியில விடும்."

தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கைக்குழியில் ஊற்றி, குஞ்சின் இரண்டு காலையும் அதில் நனைத்தார். கொண்டையிருக்கும் இடத்தில் ஈர விரலால் தடவினார். சொண்டின் ஓரத்தில் இரண்டு துளி. மூக்குக்குள் போகாமல் மெல்ல. பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் துண்டு கொடுத்தால் என்ன என்று பூரணம் கேட்டதற்கு, "சுட்ட உடம்பில ஐஸைப் போட்டா விறைச்சுச் சாகும். பானைத் தண்ணிக் குளிர் காணும். முழுக்கத் தோயவும் வார்க்கக்கூடாது," என்றார்.

கொஞ்ச நேரம் போனது. தொண்டைத் துடிப்பு குறைந்தது. பிறகு குஞ்சு சொண்டை மூடியது. செட்டையை மடித்து, தானே எழும்பி, அபூதாஹிரின் சப்பாத்து நூலைக் கொத்தியது.

காலையிலிருந்து பூரணம் விரும்பியபடி நடந்த முதல் ஜீவன் அதுதான்.

"கூடு எப்பிடிக் கட்டியிருக்கு?" என்று கேட்டார் அபூதாஹிர்.

"மேல தகரம். நாலு பக்கமும் தகரம்."

"காத்து வர?"

"கதவு இடுக்கு."

"அது கூடோ, பாண் சுடுற போறணையோ?"

"அதை எங்கட வீட்டில வந்து சொல்லுங்கோ சேர். நான் சொன்னாக் காதில ஏறாது."

மோட்டார் சைக்கிளின் பக்கப் பைக்குள் துழாவி ஒரு பைக்கற் தூளை எடுத்துக் கொடுத்தார். பைக்கற்றில் எழுதிய அளவுக்குத் தண்ணீரில் கரைத்து ஐந்து நாள், சுகமாகத் தெரிகிற குஞ்சுக்கும் சேர்த்து. வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கரைக்கவேண்டும். வருத்தக்காரரைப் பிரித்து வை, ஈர உமியை அள்ளி எரி, காய்ந்ததைப் போடு. மத்தியானத்தில் தீன் வைக்காதே, விடியவும் பின்னேரமும் வை. கூரையில் சாக்கை நனைத்துப் போடு. செத்ததை ஆழத் தாட்டுவிடு.

"ராணிக்கெட்டுக்கும் மருந்து போடோணும்தான். ஆனா இப்ப போட்டாத் தாங்காதுகள். தேறட்டும். இந்தப் பெட்டியில அப்ப ஏதாவது மிஞ்சியிருந்தா நானே வாறன்."

வீதி திறக்கிற பாடில்லை. இனி டவுனுக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. பூரணம் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"நடந்தோ? இந்த வெயிலிலயோ? குஞ்சுக்குச் சொன்னது உங்களுக்கும்தான் தங்கச்சி," என்றார் அபூதாஹிர். போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை அவளிடம் கொடுத்தார். அவள் சேலைத் தலைப்பை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு மைலையும் நடந்தாள்.

வளவு வாசல் படலைக்கு வரும்போதே மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

வேப்பமரத்தடியில் கோணாமலை முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டியிருந்தார். மேலில் சட்டையில்லை. வேர்வை முதுகில் ஓடியது. அவளைக் கண்டும் வெட்டுவதை நிறுத்தவில்லை. குசினி வாசலில் மலர், கதிரையொன்றைப் போட்டு, மடியில் ஒரு உரப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபடி இருந்தாள். பை அசைந்தது.

கூட்டில் ஒரு தகரமும் கழற்றப்படவில்லை.

"மச்சாள், நான் குடுக்கமாட்டன் எண்டிட்டன்," என்றாள் மலர். "உசிரோட தாக்கப்போறாராம். அண்ணைக்கு விசர்."

பூரணம் பையைப் பிடுங்கி வாயை அவிழ்த்துக் கவிழ்த்தாள். பதினொரு குஞ்சுகள். மூன்று எழும்பவில்லை. பைக்குள்ளேயே மூச்சு முட்டிப் போயிருந்தன.

"இந்த மூண்டையும் கொண்டது எந்த வருத்தம்?" அவள் குரல் படலை தாண்டிக் கேட்டிருக்கும். "சொல்லுங்கோவன்! ராணிக்கெட்டோ, கோணாமலையோ? மலர், நீயும்தான்! காப்பாத்திறன் எண்டு பை வாயைக் கட்டி மடியில வச்சிருக்கிறாய். அவிழ்க்கத் தெரியாதோ?"

மலர் அழுகையை நிறுத்திவிட்டாள். கோணாமலை கிடங்குக்குள்ளேயே நின்றார்.

"ஒரு தகரத்தைக் கழட்டச் சொன்னனான். ஒண்டே ஒண்டு. அதைச் செய்ய ஏலாத மனுசன் இந்த வெயிலில கிடங்கு வெட்டுறார்! மேல ஏறுங்கோ. வந்து இதைப் பிடியுங்கோ."

அவர் ஏறி வந்தார். அவள் ஒரு குஞ்சைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"வாய் திறந்திருக்கோ? செட்டை விரிஞ்சிருக்கோ? அப்ப இது சூடு. வாழைப்பாத்தி நிழலுக்குக் கொண்டுபோய்க் காலை நனைச்சு விடுங்கோ. மலர், பானைத் தண்ணி கொண்டு வா. மெசின் வந்த காட்போட் பெட்டி கிடக்குத்தானே, அதையும் கொண்டு வா."

பையிலிருந்தவை, கூட்டிலிருந்தவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். வாலை உயர்த்தினார்கள். சூடுபட்டவை வாழைப்பாத்திக்குப் போயின. சிலிர்த்துத் தூங்கியவை பெட்டிக்குப் போயின. முதல் ஐந்தாறுக்குப் பூரணம் சொல்லவேண்டியிருந்தது. பிறகு கோணாமலையே கையில் வாங்கி, திருப்பி, உற்றுப் பார்த்து, "இவன் காய்ச்சல்காரன்," என்று சொல்லிப் பெட்டிக்குள் விட்டார். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அது பூரணத்துக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இந்தக் கண்ணைக் காலையில் எங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்?

உயிரோடு இருபத்திரண்டு. அதில் வருத்தக்காரர் ஆறு.

தகரம் அறைந்த நாற்பது ஆணியையும் அறைந்தவரே பிடுங்கினார். நாலு தகரமும் விழுந்ததும் கூடு வெறும் கம்புகளாக நின்றது. கச்சான் குறுக்காக வீசிப் போனது. கூரையில் நனைத்த சாக்கு. கீழே உமி முழுவதையும் அள்ளிக் குவித்து மலர் நெருப்பு வைத்தாள். மருந்தைக் கரைத்துப் பூரணம் சட்டியில் ஊற்றி, தட்டி ஊற்றாமல் இருக்கச் செங்கல்லின் மேல் வைத்தாள்.

"சரி, கீரிக்கு என்ன செய்யிற?" என்றார் கோணாமலை.

நியாயமான கேள்வி. கம்பி வலை அந்த வளவில் ஒரு முழம்கூட இல்லை.

மலர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணை, உங்கட மீன் வலை கிடக்குத்தானே, கூரைப் பறணில."

சம்பூரில் ஷெல் விழத் தொடங்கிய அன்று பூரணம் காணி உறுதிக் காகிதங்களையும் அடையாள அட்டைகளையும் எடுத்தாள். கோணாமலை வலையை எடுத்தார். வெருகல் ஆற்றைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்தபோது அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர். கூடாரங்களில் அதைத் தலையணையாக வைத்துப் படுத்தவர். ஒருமுறை பூரணம் அதில் உடுப்புக் காயப்போட்டாள் என்பதற்காக இரண்டு நாள் கதைக்காமல் இருந்தவர்.

பூரணம் சண்டைக்குத் தயாரானாள். சொல்லவேண்டியவை எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன.

கோணாமலை உள்ளே போனார். பறணிலிருந்து வலையை இறக்கிக்கொண்டு வந்தார். முற்றத்தில் விரித்தார். இடுப்புக் கத்தியை எடுத்து, அளந்துகூடப் பார்க்காமல், குறுக்கே வெட்டினார். இரட்டையாக மடித்துக் கம்புகளைச் சுற்றி இழுத்துக் கட்டத் தொடங்கினார். அவர் போட்ட முடிச்சுகள் மட்டும் எப்போதும்போல் அழகாக இருந்தன.

வாயில் நின்றவற்றைப் பூரணம் விழுங்கினாள். ஏதோ பிழை.

அவள் குசினிக்குள் போய் மலரின் கையைப் பிடித்தாள். "நான் போன பிறகு இஞ்ச என்ன நடந்தது?"

மலர் வாசலை எட்டிப் பார்த்தாள். "சொல்ல வேண்டாம் எண்டவர்."

"மலர்!"

"விதானையார் வந்தவர். பத்து மணியிருக்கும். அண்ணை தகரம் கழட்டத்தான் சுத்தியலை எடுத்தவர் மச்சாள், சத்தியமா. ஒரு கடிதம் குடுத்திட்டுப் போனார். அதை வாசிச்சவர்தான். சுத்தியலை எறிஞ்சுபோட்டு மண்வெட்டியை எடுத்தார். சோறும் தின்னேல்லை. நான் கேட்டதுக்கு மறுமொழியும் இல்லை."

ஐந்தரை மணிக்குக் கச்சான் ஓய்ந்தது. சீனக்குடாப் பக்கமிருந்து உப்புக் காற்று மெல்லத் திரும்பியது. பெட்டிக்குள் இன்னுமொன்று கண்ணை மூடிவிட்டது. இருபத்தொன்று. மற்றவை வலைக்குள் மருந்துத் தண்ணீரைக் குடித்தன, தலையை உயர்த்தி விழுங்கின, திரும்பவும் குனிந்து குடித்தன. பூரணம் சோற்றுக் கோப்பையைக் கொண்டுபோய்க் கோணாமலைக்கு முன்னால் வைத்தாள். வெறும் கையை நீட்டினாள்.

"தாருங்கோ."

"என்னத்தை?"

"விதானையார் தந்ததை."

அவர் மலரை முறைத்தார். மலர் அவசர அவசரமாகத் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். ஊசியில் நூலே இல்லை.

கடிதம் சாரத்து மடிப்புக்குள் இருந்தது, வேர்வையில் நனைந்து. சிங்களத்தில் தட்டச்சு. கீழே கிராம அலுவலரான விதானையார் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார். மீன்பிடிப் பாஸ் கேட்டுச் செய்த விண்ணப்பம் தொடர்பாக விசாரணை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடற்படை முகாமுக்கு வரவும். கடைசியாகப் படகில் தொழில் செய்த நாலு பேரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இப்போதைய விலாசமும் கொண்டுவரவும்.

"இதை மலருக்கெண்டாலும் அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றாள். "மூண்டு குஞ்சு பிழைச்சிருக்கும்."

"எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை பூரணம்." அவர் சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. "கையைக் காலை அடிச்சு ஏதாவது வெட்டோணும் போல கிடந்தது. கிடங்கு வெட்டத் தொடங்கின பிறகுதான் எதுக்கு வெட்டுறன் எண்டு யோசிச்சன்."

அவளுக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் கோணாமலையின் கையெழுத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. பாலசிங்கம், கிளிவெட்டி. குணரத்தினம், மட்டக்களப்பு முகாம். பக்கீர், மூதூர். நாலாம் இலக்கத்தைப் போட்டு, புள்ளியும் வைத்து, அதற்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

நாலாவது ஆள் குலசிங்கம். பூரணத்தின் ஒரே தம்பி. வெருகல் ஆற்றைக் கடந்த அன்று சனத்துக்குள் பிரிந்தவன்.

"அவன்ட பேரை எழுதாமல் விட ஏலாது," என்றார் கோணாமலை மெல்ல. "நாலு பேர் எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எழுதினா, எங்க எண்டு கேப்பாங்கள். தெரியாது எண்டு சொல்லுவம். உண்மை அதுதானே? எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பொய் சொல்லப் போறதில்லையே, ஏன் பயப்பிடோணும்?"

பூரணம் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

போன மாதம் சந்திக் கடைக்கு அவள் பேரில் ஒரு தொலைபேசி வந்தது. கோணாமலை வீட்டில் இல்லாத நேரம். குலசிங்கம் மூன்று நிமிஷம்தான் கதைத்தான். எங்கே ஒளிந்திருக்கிறான், யார் வீட்டில், எந்தப் பெயரில் என்று சொன்னான். அத்தானுக்குச் சொல்லாதே அக்கா, அவர் முகத்தில் ஒன்றும் ஒளிக்கத் தெரியாதவர் என்றும் சொன்னான்.

"என்ன, பேசாமல் நிக்கிறாய்?" என்றார் கோணாமலை.

அவள் கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்கோ," என்றாள்.